கிராஃப்ட் பேப்பர் மில்லுக்கு டர்பைன் வைக்கலாமா?

கேள்வி இது. உடுமலைப்பேட்டைப் பக்கம் பழைய அட்டைப்பெட்டிகளைக் கூழாக்கி கிராஃப்ட் பேப்பர் (பெட்டிக்கான பழுப்புத் தாள்) தயாரிக்கும் மில். நாளுக்கு 100 டன் உற்பத்தி. மணிக்கு 10 டன் தரும் பாய்லர், 10.5 கிலோ பிரஷர் (சதுர சென்டிமீட்டருக்கு), வாங்கி 17 வருடம் ஆகிறது. தாளைக் காயவைக்கும் டிரையர் சிலிண்டர்களுக்கு 3.5 கிலோவில் மணிக்குச் சராசரியாக 9 டன் நீராவி போகிறது. மின்சாரம் 1,650 கிலோவாட்டை ஒட்டி, முழுக்க மின்வாரியத்திலிருந்து. ஒரு சப்ளையர் 45 கிலோ பாய்லரும் 2 மெகாவாட் எக்ஸ்டிராக்‌ஷன் கண்டன்சிங் டர்பைனும் சேர்த்து 14 கோடிக்குக் கொட்டேஷன் கொடுத்து, 18 மாதத்தில் போட்ட பணம் வந்துவிடும் என்கிறார். வாங்கலாமா?

டர்பைன் வைக்கலாம். அந்த டர்பைன் வேண்டாம். ஏன் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

உங்கள் மில்லில் இப்போது என்ன நடக்கிறது? பாய்லரில் 10.5 கிலோவில் நீராவி பிறக்கிறது. டிரையருக்கு அவ்வளவு தேவையில்லை என்பதால் பி.ஆர்.வி. என்கிற வால்வில் நெரித்து 3.5-க்கு இறக்குகிறீர்கள். அந்த வால்வில் வெப்பம் போவதில்லை; ஆனால் ஒரு சக்கரத்தைச் சுற்றியிருக்கக்கூடிய அழுத்தம் சும்மா கரைந்துபோகிறது. உங்கள் ஊர்க் கதையே இதற்குப் பொருந்தும். பரம்பிக்குளத்திலிருந்து பாசனத்துக்கு வரும் தண்ணீர், சர்க்கார்பதி மின்நிலையத்தில் டர்பைனைச் சுற்றிவிட்டுத்தான் காண்டூர் கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணைக்கு வருகிறது. அதனால் வயலுக்குத் தண்ணீர் குறைந்துவிடவில்லை. எப்படியும் கீழே இறங்க வேண்டிய தண்ணீர், போகிற போக்கில் கரண்ட்டையும் கொடுத்துவிட்டுப் போகிறது. ஆலைகளில் கோஜெனரேஷன் என்று சொல்வதும் இதேதான்: உயர் அழுத்தத்தில் நீராவியைப் பிறப்பித்து, டர்பைனில் இறக்கி மின்சாரம் எடுத்து, வெளியே வருவதை டிரையருக்கு அனுப்புவது. இப்படிப்பட்ட டர்பைனுக்கு பேக் பிரஷர் டர்பைன் என்று பெயர்.

தண்ணீருக்கும் நீராவிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. டர்பைன் எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டும் நீராவியின் வெப்பத்திலிருந்துதான் வருகிறது. அந்த அளவுக்குக் கூடுதலாக எரிக்க வேண்டும், இலவசம் கிடையாது. ஆனால் எவ்வளவு கூடுதல் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோகலோரி. பாய்லரின் திறன் 78 சதவீதம், ஜெனரேட்டர், கியர் இழப்புகள் 6 சதவீதம் என்று எடுத்தால், ஒரு யூனிட்டுக்கு 1,170 கிலோகலோரி எரிபொருள் போதும். நிலக்கரி கிலோவுக்கு 5,000 கிலோகலோரி, விலை 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்). அப்போது யூனிட்டுக்கு எரிபொருள் செலவு 1 ரூபாய் 90 பைசா. மின்வாரியத்தின் உயர் மின்னழுத்தக் கட்டணம் ஏழு ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில் இது நல்ல வியாபாரம்.

சப்ளையர் சொல்லும் கண்டன்சிங் டர்பைனில் கதை வேறு. அங்கே டிரையருக்கு வேண்டிய நீராவியை டர்பைனின் நடுவில் எடுத்துவிடுகிறார்கள்; அதுதான் எக்ஸ்டிராக்‌ஷன். டிரையருக்குத் தேவையில்லாத நீராவியையும் கூடுதலாகப் பிறப்பித்து, டர்பைனில் வெற்றிடம் வரைக்கும் இறக்கி, கண்டன்சரில் தண்ணீராக்குகிறார்கள். 45 கிலோ பிரஷரில், இந்தச் சின்ன அளவு டர்பைனில், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 5 கிலோ நீராவி ஆகும். அந்த 5 கிலோவைப் பிறப்பிக்க 4,400 கிலோகலோரி எரிக்க வேண்டும். மேலே சொன்ன நிலக்கரி விலையில் 7 ரூபாய். வாரியத்தின் விலையே கிட்டத்தட்ட வந்துவிட்டது! பெரும்பாலான வெப்பம் கூலிங் டவர் வழியாக ஆகாயத்துக்குப் போகிறது. பேக் பிரஷர் டர்பைனில் அந்த வெப்பம் உங்கள் பேப்பரைக் காயவைக்கிறது. அங்கே டிரையர்தான் கண்டன்சர். அந்த வெப்பத்தை நீங்கள் விற்பனைச் சரக்காக மாற்றிவிடுகிறீர்கள்.

ஆக, எப்படியும் டிரையருக்குப் போகிற நீராவியில் எடுக்கிற யூனிட் மலிவு. யூனிட்டுக்காகவே பிறப்பிக்கிற நீராவியில் எடுக்கிற யூனிட், வாரியத்திடம் வாங்குவதைவிட மலிவில்லை. பெரிய அனல் மின்நிலையங்கள் இதே வேலையை உங்களைவிட இரண்டு மடங்கு சிக்கனமாகச் செய்கின்றன. அவர்களோடு 2 மெகாவாட்டில் போட்டி போடத் தேவையில்லை.

சரி, உங்கள் 9 டன் நீராவி எவ்வளவு தரும்? 45 கிலோ, 440 டிகிரியில் கிளம்பி 3.5 கிலோவுக்கு இறங்கினால், 60 சதவீதத் திறனுள்ள சாதாரண டர்பைனில் ஏறக்குறைய 11 கிலோ நீராவிக்கு ஒரு யூனிட். வெளியே வருகிற நீராவி இன்னும் அதிக சூட்டோடு இருக்கும். அதில் தண்ணீர் தெளித்து டிரையருக்கேற்ற சூட்டுக்கு இறக்க வேண்டும். தெளித்த தண்ணீரும் நீராவியாகிவிடுவதால், டர்பைன் வழியாக 8.2 டன் போனாலே டிரையருக்கு 9 டன் கிடைக்கும். மொத்தத்தில் 725 கிலோவாட். பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் உயர் அழுத்த ஃபீட் பம்ப் கூடுதலாகச் சாப்பிடுவதைக் கழித்தால் நிகரமாக 700. உங்கள் 1,650-இல் பாதிக்கும் குறைவு. பலருக்கு இந்த இடத்தில்தான் மனசு கேட்பதில்லை. 'பாதிதானா?' என்பார்கள். பாதிதான். மீதியை வாரியத்திடமே வாங்குங்கள்.

சப்ளையரின் 18 மாதம் எப்படி வந்தது என்று நானே பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். 1,650 கிலோவாட்டும் வருடத்துக்கு 8,760 மணி நேரமும் ஓடும், ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8 ரூபாய் 50 பைசா மிச்சம், எரிபொருள் எல்லா யூனிட்டுக்கும் 2 ரூபாய் என்று போட்டால், வருடத்துக்கு ஒன்பதரை கோடிக்கு அருகே வருகிறது. 14 கோடி ஒன்றரை வருடத்தில் திரும்பிவிடுகிறது. அவர் இப்படித்தான் போட்டிருப்பார் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வேறு எப்படிப் போட்டாலும் 18 மாதம் வரவில்லை. பேக் பிரஷரின் எரிபொருள் செலவைக் கண்டன்சிங் யூனிட்டுக்கும் சேர்த்துப் போட்டுவிடுவது இந்தத் தொழிலில் அடிக்கடி பார்க்கிற வித்தை. மில் ஒரு நாள்கூட நிற்காது என்பது இன்னொன்று. பேப்பர் மெஷினின் ஃபெல்ட் துணி மாற்ற, வயர் வலை மாற்ற, வருடாந்தர பாய்லர் ஆய்வுக்கு என்று நிறுத்தாத பேப்பர் மில்லை நான் பார்த்ததில்லை.

என் கணக்கு இப்படி. 700 கிலோவாட், வருடத்துக்கு 8,000 மணி நேரம். 56 லட்சம் யூனிட். உச்சநேரக் கூடுதல் கட்டணம், இரவுத் தள்ளுபடி எல்லாம் கலந்து சராசரியாக 7 ரூபாய் 50 பைசா என்றால் 4 கோடியே 20 லட்சம் மிச்சம். எரிபொருளுக்கு 1 கோடியே 10 லட்சம் கழியுங்கள். தண்ணீர்ச் சுத்திகரிப்பு, ஆட்கள், உதிரிபாகம், சொந்த உற்பத்தி மீதான வரி என்று இன்னும் 60 லட்சம் போகும். கையில் நிற்பது இரண்டரை கோடி. 45 கிலோ பாய்லரும் பேக் பிரஷர் டர்பைனும் 8 கோடி என்று வைத்தால் மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் மேல். கண்டன்சிங்குக்காக நீங்கள் கூடுதலாகப் போடும் 6 கோடி என்ன சம்பாதிக்கும்? 900 கிலோவாட், 72 லட்சம் யூனிட், யூனிட்டுக்கு அரை ரூபாய் லாபம், 36 லட்சம். அதிலிருந்து கூலிங் டவர் தண்ணீருக்கும் விசிறிக்கும் பம்புக்கும் செலவு கழிக்க வேண்டும். நிலக்கரி கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் அந்த 36 லட்சமும் நஷ்டமாக மாறிவிடும். ஆறு கோடியை வங்கியில் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: பாய்லருக்கு 17 வயது. இன்னும் சில வருடத்தில் எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள். அன்றைக்கு 10.5 கிலோ பாய்லரே வாங்கினாலும் இரண்டரை, மூன்று கோடி செலவாகும். ஆகவே டர்பைனுக்கு ஆகும் செலவு என்று பார்க்க வேண்டியது அந்த வித்தியாசத்தை மட்டும்தான். 8 கோடியில் அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இரண்டு வருடச் சொச்சத்தில் பணம் திரும்புகிறது. நல்ல நிலையில் இருக்கும் பாய்லரைக் கழற்றிப் போட்டுவிட்டு டர்பைன் வைப்பதும், மாற்ற வேண்டிய நேரத்தில் அழுத்தத்தைக் கூட்டி வாங்குவதும் ஒன்றில்லை. கோஜெனரேஷனுக்கு நல்ல நாள் பாய்லர் மாற்றும் நாள்தான். அதைத் தவறவிட்டால் அடுத்த இருபது வருடம் பி.ஆர்.வி.யைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதற்கு நடுவிலும் ஒரு வழி உண்டு. இருக்கிற பாய்லரோடு பி.ஆர்.வி.க்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன டர்பைன். 10.5-லிருந்து 3.5-க்கு இறங்குகிற 9 டன்னில் 200 கிலோவாட் எடுக்கலாம். யூனிட்டுக்கு 40 கிலோவுக்கு மேல் நீராவி ஆகும். கேட்கக் கேவலமாக இருக்கும், ஆனால் அந்த நீராவி எப்படியும் டிரையருக்குத்தானே போகிறது? இதை ஜெனரேட்டரோடு இணைக்காமல், வேக்குவம் பம்ப் போல எப்போதும் ஓடுகிற ஒரு பெரிய மோட்டாருக்குப் பதிலாக நேராகப் பூட்டிவிடலாம். வாரியத்தோடு இணைப்பு, பாதுகாப்பு ரிலே, அனுமதி என்ற தொல்லை குறையும். ஆனால் இதை வாங்கும் முன் பாய்லர் ரூமுக்குப் போய் பிரஷர் கேஜைப் பாருங்கள். பிளேட்டில் 10.5 என்று இருக்கும். ஆபரேட்டர் 7-இல் ஓட்டிக்கொண்டிருப்பார். 7-இல் ஓட்டினால் உங்கள் 200 கிலோவாட் பாதியாகிவிடும். பாய்லர் 10-ஐப் பிடித்து நிற்கவில்லை என்றால் அது ஏன் என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

அதைப்போலவே டிரையர் பக்கமும் ஒரு கேள்வி கேளுங்கள்: 3.5 கிலோ உண்மையிலேயே வேண்டுமா? பல மில்களில் அந்த எண் யாரோ எப்போதோ வைத்தது. சிலிண்டருக்குள் கண்டன்சேட் (நீராவி குளிர்ந்து ஆன தண்ணீர்) சரியாக வெளியேறாமல் தேங்கியிருந்தால் வெப்பம் தாளுக்குப் போகாது. ஆபரேட்டர் பிரஷரைக் கூட்டிச் சமாளிப்பார். அந்தத் தண்ணீரை வெளியேற்றும் சைஃபன்களையும் ஸ்டீம் டிராப்களையும் சரிசெய்தால் 2.5 கிலோவிலேயே அதே வேகத்தில் மெஷின் ஓட வாய்ப்பிருக்கிறது. புது டர்பைனின் வெளிவாய் அழுத்தம் அந்த 1 கிலோ இறங்கினால் மின்சாரம் 8 சதவீதம் கூடும். பிரஸ் பகுதியில் தாளிலிருந்து கூடுதலாகத் தண்ணீரைப் பிழிந்தால் நீராவித் தேவையே குறையும். இவற்றை எல்லாம் டர்பைனுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் செய்ய வேண்டும், பிறகு அல்ல. கண்டன்சேட் திரும்பி வந்து பாய்லருக்குப் போகும் ஃபீட் வாட்டரின் சூடு 6 டிகிரி ஏறினால் எரிபொருள் ஒரு சதவீதம் மிச்சம் என்பது பாய்லர்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நான் போன ஒரு சாயப்பட்டறையில் முதலில் டர்பைனை வாங்கிவிட்டு, பிறகு நீராவியைச் சிக்கனப்படுத்தினார்கள். நீராவி மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. டர்பைன் பாதிச் சுமையில், அதன் திறனும் விழுந்து, பாவமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முதலாளிக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

சாயப்பட்டறை என்றதும் இன்னொன்று. அங்கே மெஷின்கள் தொகுதி தொகுதியாக ஓடும். நீராவித் தேவை கால்மணிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். பேப்பர் மெஷின் அப்படியில்லை, நாள் முழுக்க ஒரே சீராக இழுக்கும். ஆதலால் கோஜெனரேஷனுக்குப் பேப்பர், சர்க்கரை போன்ற ஆலைகள்தான் தோதான இடம். சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்து 67, 87, 110 கிலோ என்று அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனதும் இதனால்தான். கரூர் பக்கம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை சர்க்கரை ஆலைகளின் சக்கையை வாங்கிக் காகிதம் செய்து, பதிலுக்கு அந்த ஆலைகளின் நீராவித் தேவைக்கு ஏற்பாடு செய்துகொடுத்ததும் இதே நீராவிப் பொருளாதாரத்தின் இன்னொரு முகம்.

உங்கள் மெஷினிலும் ஒரு சீரற்ற நேரம் உண்டு: தாள் அறுந்தால். டிரையர் சட்டென்று நீராவியை இழுப்பதை நிறுத்தும், டர்பைன் தரும் மின்சாரம் விழும், அந்த நேரம் பார்த்து வாரியத்தின் மீட்டரில் டிமாண்ட் (வாரியத்திடமிருந்து இழுக்கும் உச்சச் சுமை) ஏறும். டர்பைன் மாதத்தில் ஒரே ஒரு முறை ட்ரிப் ஆகி நின்றாலும், அந்த அரைமணி நேரத்துக்கான முழுச் சுமையும் அந்த மாத டிமாண்டாகப் பதிவாகும். உயர் மின்னழுத்த இணைப்பில் கேவிஏவுக்கு (டிமாண்டை அளக்கும் அலகு) மாதம் ஏறக்குறைய அறுநூறு ரூபாய், அதுவும் ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் கட்ட வேண்டியது. ஆகவே டிமாண்ட் சார்ஜ் மிச்சமாகும் என்று யாராவது கணக்கில் எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். ஓரிரு வருடம் ஓட்டிப் பார்த்து, டர்பைன் எவ்வளவு நம்பகமாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு ஒப்பந்த டிமாண்டைக் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

அப்புறம் தண்ணீர். இதைத்தான் எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். 10.5 கிலோ பாய்லருக்குத் தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னர் போதும். 45 கிலோவுக்குப் போதாது. போர்வெல் தண்ணீரில் இருக்கும் சிலிக்கா நீராவியோடு கலந்து போய் டர்பைன் பிளேடில் படியும். நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் குழாயில் உப்பு படிந்தால் குழாய் வெடிக்கும். ஆர்.ஓ.வும் அதற்குப் பின்னால் மிச்ச உப்பையும் நீக்கும் டி.எம். பிளான்டும் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள தினமும் பரிசோதனை செய்கிற ஒரு கெமிஸ்ட்டும் வேண்டும். கொட்டேஷனில் இது இருக்கிறதா, 'வாடிக்கையாளர் பொறுப்பு' என்று கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

எரிபொருளிலும் இதே கவனம். உங்கள் பக்கம் சீமைக் கருவேல விறகும் தென்னைக் கழிவும் மலிவாகக் கிடைக்கும். குறைந்த அழுத்த பாய்லரில் எதைப் போட்டாலும் எரிந்துவிடும். சூப்பர்ஹீட்டர் உள்ள பாய்லரில் தென்னை மட்டை, நார்க்கழிவு போன்றவற்றில் இருக்கும் பொட்டாசியமும் குளோரினும் சாம்பலை இளக்கிக் குழாய்களில் ஒட்டவைக்கும், அரிக்கவும் செய்யும். பழைய பேப்பரோடு வரும் பிளாஸ்டிக் கழிவை அடுப்பில் போடுகிற பழக்கம் எங்கேயாவது இருந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். சட்டப்படியும் தவறு, சூப்பர்ஹீட்டருக்கும் எமன். எந்த எரிபொருளை எத்தனை சதவீதம் எரிப்பீர்கள் என்பதை ஆர்டரிலேயே எழுதி, அதற்கு உத்தரவாதம் வாங்குங்கள்.

அனுமதிகளைப் பற்றி நிறையப் பயமுறுத்துவார்கள், அவ்வளவு இல்லை. 2003 மின்சாரச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி சொந்த உபயோகத்துக்கு மின்நிலையம் வைக்க உரிமம் வேண்டியதில்லை. வாரியத்தோடு இணைத்து ஓட்டுவதற்கு அவர்கள் அனுமதியும் பாதுகாப்பு ரிலேக்களும் வேண்டும், மின் ஆய்வுத் துறையின் சான்றிதழ் வேண்டும், பாய்லருக்குக் கொதிகலன் துறையின் பதிவு வேண்டும். பாய்லர் உங்களுக்குப் புதிதல்ல. இணைப்பு அனுமதிக்கு மட்டும் நாலைந்து மாதம் ஒதுக்கிவையுங்கள்.

கடைசியாக, உடுமலையில் இருந்துகொண்டு இதைக் கேட்டீர்கள் என்பதால் ஒன்று. உங்கள் மில்லைச் சுற்றிக் காற்றாலை சுற்றுகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மே தொடங்கி செப்டம்பர் வரை பலமாக வீசும். காற்றாலையிலோ சூரிய மின்சாரத்திலோ கேப்டிவ் பங்கு (சொந்த உபயோகத்துக்கான பங்கு) எடுத்து யூனிட்டை ஐந்து ரூபாய்ச் சொச்சத்துக்கு வாங்கப் போகிறீர்கள் என்றால், டர்பைனின் ஒவ்வொரு யூனிட்டும் மிச்சப்படுத்துவது ஏழரை ரூபாய் அல்ல, அந்த ஐந்துச் சொச்சம். அப்படியும் 1.90-இல் செய்கிற யூனிட் ஜெயிக்கும். 7 ரூபாயில் செய்கிற யூனிட் முதல் நாளே தோற்றுவிடும். டர்பைன் 700 தரட்டும், மீதி 950-க்குக் காற்றையும் வாரியத்தையும் வைத்துக்கொள்ளலாம். சப்ளையரிடம் 45 கிலோ பாய்லரோடு பேக் பிரஷர் டர்பைனுக்கு மட்டும் புதுக் கொட்டேஷன் கேளுங்கள். ஒரு மாதத்துக்கு மணிக்கு மணி நீராவி மீட்டர் ரீடிங்கை எழுதிவைத்து அதையும் கூடவே கொடுங்கள். மீட்டர் இல்லையென்றால், முதலில் வாங்க வேண்டியது அதுதான்.